எண்பதுக்குக் கீழே

பிரீது மறுபடியும் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டான்.
தார்த்துவில் மைனஸ் பதினெட்டு.
ஐந்தாம் மாடி. சாப்பாட்டு மேசைமேல்
செய்தித்தாள் விரித்து, அதன்மேல்
வட்டமாய் ஒரு கறுப்புக் கூம்பு,
கழற்றி வைத்த முகம்போல்.
கம்பு ரொட்டியை நான் மடியில் வைத்து அறுக்கிறேன்.

"முப்பது ஹெர்ட்ஸ் கேட்டேன்," என்கிறான்,
"முப்பது தந்தது.
கேட்காத அறுபதும் தந்தது, தொண்ணூறும் தந்தது."
எனக்கு என் நாத்தனார் ஞாபகம் வந்தது.

சத்தம் கூட்டினால் கூம்பு நெடுந்தூரம் ஓடுகிறதாம்;
சுருள், காந்தத்தின் பிடியைத் தாண்டி
வெளியே எட்டிப் பார்க்கிறதாம்;
அங்கேதான் பொய் தொடங்குகிறதாம்.
"அப்படியானால் குறைத்து வை."
அவன் என்னைப் பார்த்தான்.
அந்தப் பார்வைக்கு இந்த வீட்டில் பத்தொன்பது வயது.

பிறகு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று.
பக்கத்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஜோடி:
ஒன்று அறையைப் பார்க்கும்,
மற்றது முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டு
காந்தத்தை வெளியே நீட்டி நிற்கும்.
கம்பிகளை மாற்றிப் பூட்டியிருப்பதால்
இரண்டும் ஒரே காற்றை ஒரே பக்கம் தள்ளும்.
ஆளுக்குப் பாதி வேலை, மூச்சிரைப்பு இல்லை.
இதன் கோணலை அதன் கோணல் தின்றுவிடும்.

நான் எதுவும் சொல்லவில்லை.
எங்கள் கட்டிலும் அப்படித்தான்.

"எல்லாப் பிழையும் போகாது," என்றான்,
திருகாணியை உதட்டில் கவ்வியபடி.
"இரட்டைப்படை போகும். ஒற்றைப்படை தங்கும்."

ரைவோ வந்தான், பீரோடு, ஆலோசனையோடு.
எண்பதுக்குக் கீழே காதுக்குத் திசை தெரியாது,
இடதையும் வலதையும் கூட்டி ஒன்றாக்கு,
ஒரே பெட்டி போதும்,
இடமும் மிஞ்சும், மனைவியும் மிஞ்சுவாள்.
இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

சோதிக்க எடுத்த ஒலிப்பதிவு எங்களுடையதே.
சாரெமா தீவு, ஒரு கல் தேவாலயம், அக்டோபர்.
ஆர்கன். இரண்டு மைக், நடுவே ஆறு மீட்டர்.
பதினோரு வருடமாக அவன் அதைக்
கெட்டுப்போன பதிவு என்பான்:
நான்காம் நிமிடத்தில் ஓர் உறுமல்.
சாலையில் வண்டி வராமல் பார்த்துக்கொள்ள
மழையில் நிறுத்தப்பட்டவள் நான்.

கூட்டி ஒன்றாக்கிக் கேட்டோம்.
உறுமல் வந்தது, கூடத்தின் நடுவே நின்றது,
பழைய ஃபிரிட்ஜ் மாதிரி.
தேவாலயமும் எங்கள் அறையளவே இருந்தது.

பிரித்துக் கேட்டோம்.
திசை தெரியவில்லைதான். ரைவோ சொன்னது சரி.
ஆனால் அகலம் தெரிந்தது.
தாழ்ந்த சுரம் ஒரு சுவருக்குச் சற்று முன்னும்
மறு சுவருக்குச் சற்றுப் பின்னுமாய் வந்து சேர்ந்தது;
அந்த இம்மி வித்தியாசத்துக்குள்
கூரை உயர்ந்தது, கல் குளிர்ந்தது,
யாருடைய ஈரக் கம்பளிச் சட்டையோ மணத்தது.

நான்காம் நிமிடம்.
உறுமல் இம்முறை நிற்கவில்லை.
எங்கோ தொடங்கி எங்கோ போயிற்று.

அது எண்டெலின் டிராக்டர்,
பின்னால் உருளைக்கிழங்கு.
இரண்டு கையையும் விரித்து நடுச்சாலையில் நின்றேன்.
அவன் தொப்பியைத் தூக்கினான்,
என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.
பிரீதுவிடம் இதை நான் சொல்லவேயில்லை.
காருக்குள் போய்த் தூங்கிவிட்டேன் என்றே
அத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

இன்னொரு முறை ஓடவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.
"வளைந்து போகிறதே," என்றான்.
"ஆமாம்," என்றேன்,
"அந்த வளைவு நான்."

கீழ்வீட்டு ஸினாயிதா
வெப்பக்குழாயில் கரண்டியால் தட்டினாள்.
மூன்று தட்டு.
ரைவோ கடைசிப் பாட்டிலைத் திறந்தான்.
பிரீது சத்தத்தை ஒரு புள்ளி குறைத்துவிட்டு
மறுபடி நான்காம் நிமிடத்துக்கே போனான்.