தொண்ணூற்றேழு

ஏழாம் கேள்விக்குக் கட்டங்கள் கிடையாது.
மூன்று கோடுகள் மட்டும்.
"இந்தப் பெயரைக் கேட்டதும்
முதலில் என்ன தோன்றுகிறது?"

போன வசந்தத்தில்
புளித்த பால் புட்டிக்குள்
கண்ணாடிச் சில்லு கிடந்த நிறுவனம்.
அதன் மன்னிப்பு விளம்பரத்துக்கு
முன்னால் அறுநூறு பேர், பின்னால் அறுநூறு பேர்.
அவர்கள் எழுதியதையெல்லாம்
எண்ணாக்குவது என் வேலை.

வூச் நகரத்தில் ஒரு பழைய பஞ்சாலை, நான்காம் மாடி.
தறி நின்ற இடத்தில் மேசைகள்.
எனக்கு ஜன்னலோரம்.
எலிகியூஷுக்கு மூன்று தூண் தள்ளி.
பேசிக்கொள்ளக் கூடாது நாங்கள்.
ஒரே தாளை இருவரும் தனித்தனியே படித்துத்
தனித்தனியே எண் போடவேண்டும்.
பிறகு யாட்விகா
என்னிலிருந்து அவனைக் கழித்துப் பார்ப்பாள்.
தற்செயலாய் ஒத்துப்போனதைத் தள்ளிவிட்டு
மிச்சம் எவ்வளவு ஒத்தோம் என்று
ஓர் எண் சொல்வாள்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
யாரும் எனக்கு அப்படி அளந்து சொன்னதில்லை.

"புளிப்பு." பதினொன்று.
"விலை ஏற்றிவிட்டார்கள்." பன்னிரண்டு.
"சில்லு." இருபத்தொன்று.
"சில்லுதான், ஆனால் என் பிள்ளைக்கு வேறெதுவும் இறங்காது."
விதிப் புத்தகம், ஆறாம் பக்கம்:
'ஆனால்' வந்தால்
அதற்குப் பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்.
ஒருவர் பசு வரைந்திருந்தார்,
மடியில் ஐந்து காம்புகளோடு.
ஒருவர்: "கேட்க நீங்கள் யார்?"
தொண்ணூற்றொன்பது. பதில் இல்லை.
அது பதில்தான் என்று எனக்குத் தெரியும்,
புத்தகத்துக்குத் தெரியாது.

எண்ணூற்று நாற்பத்தேழாம் தாள்.
பெண். அறுபதுக்கு மேல். தனியே வசிப்பவர்.
'சீட்டு' என்று எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருந்தார்:
"அவர் கடைக்குக் கிளம்பியபோது
நான் கொடுத்த சீட்டில் மூன்றாவது.
ரொட்டி, பல்பு, இது.
பல்பு மட்டும் வந்து சேர்ந்தது.
போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.
உடையவில்லை."

மூன்று கோடு தாண்டி
ஓரத்தில் ஏறியிருந்தது கடைசிச் சொல்.

நினைவு, இனியது: முப்பத்தொன்று.
நினைவு, கசந்தது: முப்பத்திரண்டு.
பல்புக்கு எண் இல்லை.
கீழே ட்ராம் வளைவில் கிறீச்சிட்டுப் போனது,
அடுத்ததும் போனது.
தொண்ணூற்றேழு போட்டேன். 'பிற'.
எங்கும் இடம் கிடைக்காதவர்கள்
நெருக்கியடித்து வாழும் எண் அது.

வெள்ளிக்கிழமை யாட்விகா சொன்னாள்:
பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று.
"அருமை. இனிமேல் பேசலாம்."
மாறுபட்ட தாள்களை மட்டும் பரப்பி வைத்தாள்.
எலிகியூஷின் குரலை அன்றுதான் கேட்டேன்,
ஜலதோஷக் குரல்.
அந்தத் தாளுக்கு அவன் போட்டிருந்தது
இருபத்தொன்று.

"இதில் சில்லு எங்கே இருக்கிறது?" என்றேன்.
சற்றுச் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.
அவன் ஓரத்துச் சொல்லின்மேல்
விரலை வைத்தான்.
"உடைந்திருக்கும் என்று நினைத்துத்தானே
பையைத் திறந்திருக்கிறாள்."

யாட்விகா கடிகாரத்தைப் பார்த்தாள்.
யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில்
இரண்டு சிவப்புத் தூண்கள்:
விளம்பரத்துக்கு முன் உயரம்,
பின் பாதிக்கும் கீழே.
மன்னிப்பு வேலை செய்கிறது என்று
வார்சாவிலிருந்து வந்தவர்கள் கை குலுக்கினார்கள்.
இரண்டாம் தூணின் உச்சியில்
ஒரு மயிரிழை அவளுடையது.
காகிதத்தின் தடிமனைவிடக் குறைவு.
நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

அன்று மாலை கடையில்
புட்டிகள் இருந்த அடுக்கைக் கடந்து போய்
நாற்பது வாட் பல்பு ஒன்று வாங்கினேன்.
வீட்டில்
எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன.