பச்சை, இரண்டு வாளி

ஹிஹோனில் மழை விடவில்லை.
அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில்
குச்சியில் சுற்றிய பஞ்சை நாவில் நனைத்து
தெல்மோ புஸ்தியோவின் கடலைத் துடைக்கிறேன்.
எச்சிலைப்போல் அழுக்கை எடுக்கும் திரவம்
இன்னும் எந்தப் புட்டியிலும் வரவில்லை.
ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம் கடல்.
மதியச் சாப்பாட்டில் வெங்காயம் கூடாது.

பெரிய ஓவியம்தான். புயல், பாறை, சாய்ந்த பாய்மரம்.
மாத்ரிதில் மூன்றாம் பரிசு கொடுத்தார்கள்,
பிறகு ஏதோ அமைச்சகத்தின் மாடிப்படியில் மாட்டி
நாற்பது வருடம் சுருட்டுப் புகை காட்டினார்கள்.

அவருடைய கணக்கேடும் என் மேசையில் இருக்கிறது.
அதில் ஓவியங்கள் குறைவு, படகுகளே அதிகம்.
"லிபோரியோவுக்கு மஞ்சள். நெத்திலியாகத் தந்தான்."
"பெர்பெத்துவாவுக்குப் பச்சை, இரண்டு வாளி. பாக்கி."
லாஸ்த்ரெஸில் படகுக்கு ஒரு நிறம்,
அத்தனையும் அவர் கை குழைத்தவை.
தோணியில் கால் வைத்தவரில்லை;
இறங்குதுறையில் நின்றாலே குமட்டுமாம்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை கலேர்னா அடித்தது.
நல்ல வெயில், கொடியில் துணிகள்.
காற்று திரும்பியதைக் கோழிகள்தாம் முதலில் அறிந்தன.
மூன்று படகுகள் வரவில்லை.
நான்காம் நாள் அலை ஒரு பலகையைத் தள்ளிவிட்டுப் போனது,
முழ நீளம்,
பெயர் இருந்த பக்கம் ஒடிந்து, உப்பில் வெளிறி.

பச்சையா, நீலமா, சாம்பலா
என்று துறையில் யாருக்கும் தெரியவில்லை.
அவரை அழைத்து வந்தார்கள்.
குனிந்தார். நகத்தால் சுரண்டினார்.
செம்புப் பச்சை, ஒரு பிடி காவி, எண்ணெய் சற்றுத் தூக்கல்.
எதிரே மூன்று பெண்கள், முந்தானைத் துணியைக் கையில் முறுக்கியபடி.
அவர் ஒரு பெயரைச் சொல்லவேண்டும்.
சொன்னதும் மற்ற இருவர் முகத்தில்
ஒரு கணம் வெளிச்சம் வந்து போகும்,
அதையும் நின்று பார்க்கவேண்டும்.

அன்றைய பக்கத்தில் ஒரே வரி:
"பெர்பெத்துவா. பாக்கி இல்லை."

இன்று மாலை இடது மூலையில்
நுரைக்கு அடியிலிருந்து
பஞ்சு பச்சையாக வந்தது.
பதறிக் கையை எடுத்தேன்.
கண்ணாடி வைத்துப் பார்த்தால்
தடித்த பூச்சு, படகுக்குப் பூசுவது,
அதில் இரண்டு மணல் துகள்.
மேலே அலையை அவரே வரைந்து மூடியிருக்கிறார்.

செம்புப் பச்சை நஞ்சு.
அந்த இடத்தில் எச்சில் ஆகாது என்பது எங்கள் விதி.
வாயை மூன்று முறை கொப்பளித்தேன்.
நாளை
வானத்திலிருந்து தொடங்குகிறேன்.