குக்கர் விலை

கூடலூரில், நாடுகாணி போகும் சாலையில்
பீரான்குட்டி கடை.
பிரஷர் குக்கருக்கும் ஓடாத ஃபேனுக்கும் நடுவே
ஏழு கோல்ஃப் மட்டைகள்.
எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்ததாம்.
"நாலாயிரம்."

ஊட்டியில் அடுத்தவர் பை சுமந்தே
பதினோரு வருஷம் போயிருக்கிறது எனக்கு.
முகத்தைத் தகரமாக வைத்துக்கொண்டு
ஒன்றை எடுத்துக் கோணலாக ஓங்கினேன்.
"இக்கா, இது இடக்கை ஆளுக்குச் செஞ்சது.
இந்த ஊர்ல எவன் வாங்குவான்?
பிடி ரப்பர் வேற பிசுபிசுக்குது."

திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.
"மூவாயிரம்."
நான் குக்கர் என்ன விலை என்றேன்.
மழை தூறி, நின்று, மறுபடி தூறியது.
படியிறங்கிச் செருப்பு மாட்டினேன்,
வாரைத் தேடித் தேடி.
"ஆயிரத்து எழுநூறு. கொண்டுபோய்த் தொலை."

வலது கையால்தான் எண்ணிக் கொடுத்தேன்.
சாக்கில் சுற்றிக் கட்டியவர்
மேசைக்கடியில் கிடந்த பந்தை
"இதும் எடுத்தோ" என்று
சட்டென எறிந்தார்.

என் இடது கை
என்னைக் கேட்காமல் பிடித்துவிட்டது.

பந்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
"குக்கர் கேட்டியே.
ஆயிரத்து முந்நூறு. ஒரு பைசா குறையாது."

வாங்கிக்கொண்டேன்.
விசில் இல்லை அதற்கு.