ஊமை எழுத்தின் பங்கு

தூக்குமரம் வேண்டாம் மிஸ் என்றார்கள்.
அதனால் கரும்பலகையில் மீன்:
தப்புக்கு ஒரு முள்,
தலை வந்தால் ஜெயித்தது நான்.

சிங்காரத்தோப்பு. வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட்.
போன மாசப் பாடம்தான், ஐந்து கோடு.
என், ஐ, எஃப், இ ஏறிவிட்டன.
முதல் கோடு மட்டும் காலி.
முள் மேல் முள்.
சங்கரா என்கிறான் ஜன்னலோரம் ஒருவன்.
இல்லடா, முள்ளப் பாத்தா வாளை.

"கே" என்றேன், தலையை வரைந்தபடி.

அது வாயே திறக்கலையே மிஸ்,
அதுக்கு எதுக்கு ஒரு கோடு?

எனக்குப் பதில் தெரியாது.
கலைமாறன் எழுந்தான்; ஜூனிலிருந்து எழுந்ததில்லை.
"எங்க போட்டுகூட வலை இழுக்காது.
பங்கு பிரிக்கறப்ப
அதுக்கும் ஒண்ணு வைக்கறோமில்ல?"

பெல் அடிப்பதற்குள்
மீனின் தலையை
உள்ளங்கையால் அழித்தேன்.