கலக்காதே

முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை.
திரையில் சாம்பல்நிறச் சமவெளி:
காலையில்தான் பிளந்த கால்சைட்டின் முகம்.
அதன்மேல் ஒரு துளிக்கும் குறைவான தண்ணீர்.
ஊசி வரிவரியாய்த் தடவிப் போகிறது,
தலையில் பேன் பார்க்கிறவளின் பொறுமையோடு.
வெளியே பிரேமன் நகரம். நவம்பர்.
நான்கரைக்கெல்லாம் இருட்டு.
"பொறு" என்கிறாள் விப்கே,
என்னிடமா கல்லிடமா தெரியவில்லை.

பிறகு ஒரு குழி.
சாய்சதுரம். ஓர் அடுக்கின் ஆழம்தான்.
அடுத்த படத்தில் மூன்று.
அதற்கடுத்ததில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எங்கே திறப்பது என்று தண்ணீர் முடிவு செய்வதில்லை.
கல் பிறந்தபோது வரிசை கோணிய இடம்,
வேறேதோ உலோகம் மாறி உட்கார்ந்த இடம்,
அத்தனை யுகம் வெளியே தெரியாதிருந்த பிழை
ஈரம் பட்டதும் வாய் திறக்கிறது.
மேலோட்டமான பிழை ஓரடுக்கில் தீர்ந்துவிடும்;
தட்டையாய் அகன்று அகன்று
பக்கத்துக் குழியோடு சேர்ந்து காணாமல் போகும்.
அடிவரை ஓடும் பிழையோ
கூர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும்,
தன் விளிம்பிலிருந்து படிபடியாய்
அலைகளை அனுப்பியபடி.
குளத்தில் கல்லெறிந்தால் அலை.
கல்லில் குளத்தை எறிந்தால் இது.

விளிம்புகளுக்குள்ளும் நியாயமில்லை.
நான்கில் இரண்டு அவசரக்காரர்கள்,
இரண்டு காலை இழுத்து இழுத்துப் பின்வாங்கும்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள்.
இங்கே எதுவும் ஊரவில்லை.
தண்ணீர் சும்மா நிற்கிறது.

அமைச்சகத்திலிருந்து வந்திருந்தார் ஓக்கே லியூர்ஸ்.
பூமிக்கடியில் எதை எங்கே புதைக்கலாம்,
பத்தாயிரம் வருடம் தாங்குமா என்ற அட்டவணை.
ஒரே ஒரு கட்டம் காலி: கரையும் வேகம்.
"ஓர் எண் போதும்."
"எந்த இடத்தில்?" என்றாள் விப்கே.
"கல்லில்தான்."
"கல்லில் எந்த இடத்தில்?"
"சராசரியாக..."
"சராசரியான இடம் இந்தக் கல்லில் எதுவுமில்லை."
கரைத்துக் குடித்தவர்கள்கூட
ஒரே கல்லுக்கு ஒரே எண் சொன்னதில்லை என்று
நான் சொல்ல வந்து, சொல்லவில்லை.

நேற்றிலிருந்து ஊறிய இன்னொரு துண்டை எடுத்து
அதில் ஒட்டியிருந்த சிலிகான் பொட்டை
இடுக்கியால் உரித்தாள்.
லென்ஸுக்கடியில் ஒரு மேடு,
தட்டையாய், பளபளப்பாய்.
"வளர்ந்திருக்கிறதே!" என்றார் ஓக்கே.
"இல்லை. இதுதான் நேற்றைய தரை."

நெடுநேரம் பார்த்தேன்.
உயரம் என்று தெரிந்ததெல்லாம்
சுற்றியிருந்தவை இறங்கிப்போன தூரம்.

பிறகு தேநீர்.
ஓக்கே லேர் ஊர்க்காரர். பையிலேயே கற்கண்டு.
கோப்பைக்கு ஒன்று போட்டு
கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்.
டிக் என்று உள்ளே விரிசல் விட்டது.
ஓரமாய்ப் பாலாடை.
விப்கே கரண்டியை எடுத்தாள்.
"கலக்காதீர்கள்!"
அன்று முழுவதும் அவர் உறுதியாய்ச் சொன்னது அது ஒன்றுதான்.
முதலில் பாலாடை, நடுவில் கசப்பு, கடைசியில் இனிப்பு;
கலந்துவிட்டால் மூன்றும் போய்விடுமாம்.
கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தால்
அவர் ஊரில் 'போதும்' என்று அர்த்தமாம்.

"கற்கண்டு கரைய எவ்வளவு நேரமாகும்?"
சிரிக்காமல் கேட்டாள்.
அவர் கோப்பைக்குள் குனிந்தார்.
"முனைகள் முதலில் போகும்.
அப்புறம் இந்தப் பக்கம்...
இல்லை, பாருங்கள், விரிசல் விட்ட இடத்தில்தான்..."
நிறுத்திக்கொண்டார்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று
எனக்குத் தெரியாது.
மூன்றாம் கோப்பையோடு எழுந்து
மழையில் டிராம் பிடிக்கப் போனார்.
கோப்பையைக் கழுவ எடுத்தபோது
அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது,
முனை ஒன்றும் இல்லாமல்.
எடுக்கப் பார்த்தேன்.
விரலுக்கு அகப்படவில்லை.