வெறும் குழாய் சத்தம்தான்

நாயாவது சொல்கிறது.
வாசற்படியில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு
மாட்டேன் என்கிறது.
அந்தத் தகப்பன் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துத்
தரதரவென்று இழுத்துக்கொண்டு
புது வீட்டுக்குள் போகிறான்.
போ. நன்றாயிரு.

வியாழக்கிழமை, பாதி விலைக் காட்சி.
வெளியே ஸ்க்ரான்டன் முழுக்கப் பனி கொட்ட
உள்ளே பதினோரு பேர்.
பக்கத்தில் என் தம்பி காசிமிர்,
மடியில் சோளப்பொரி வாளி.

சுவரில், பிள்ளை உயரத்தில், கைத்தடங்கள்.
தாய் துடைக்கிறாள்.
மறுநாளும் துடைக்கிறாள், வேறு சோப்பு வாங்கி.
"கட்டிலடியில் இருக்கிற அக்கா
என் பெயரைத் தப்பாகச் சொல்கிறாள்" என்கிறது குழந்தை.
என்ன கற்பனை என் செல்லத்துக்கு என்று
பூரித்துப் போகிறாள்.
அலமாரி தானாக நகர்ந்தால், பழைய தரை.
விடியற்காலை மூன்றேகாலுக்கு யாரோ அழுதால்
வெறும் குழாய் சத்தம்தான்.
எந்த ஊர்க் குழாயடி அது
லத்தீனில் அழுகிறது?

வாய்விட்டே கேட்டுவிட்டேன்.
முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

கார் இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது.
ஒஹாயோவில் ஒரு தங்கை இருக்கிறாள்,
முதல் காட்சியிலேயே ஃபோனில் பேசினாளே!
இவனோ மின்சாரம் போனதும்
இருக்கிற ஒரே டார்ச்சை எடுத்துக்கொண்டு
நிலவறைக்கு இறங்குகிறான்.
மூன்று பிள்ளைகள் மேலே இருட்டில்.
"இவனுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடு" என்றேன்.

காசிமிர் மெல்வதை நிறுத்தினான்.
"நம்ம நிலவறை ஞாபகம் இருக்கா?"

பழைய சுரங்கத்தில் பிடித்த நெருப்பு
எங்கள் தெருவுக்கு அடியில் வந்து படுத்திருந்த வருஷங்கள்.
ஊரெல்லாம் முழங்காலளவு பனி நிற்க
எங்கள் கொல்லையில் மட்டும் பச்சைப் புல்.
டிசம்பரில் தக்காளி பழுத்தது.
அப்பா அதைப் பறித்துப்
பியெகார்ஸ்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், பெருமையாக.
நிலவறைத் தரை சுட்டது.
கணப்புச் செலவு மிச்சம் என்று
அம்மா அங்கே துணி காயப்போட்டாள்.
அளக்க வந்த அதிகாரி
கருவியின் முள்ளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.
அப்பா அவருக்குக் காப்பி கொடுத்தார்.
காலையில் தலை வலிக்கிறது என்றால்
பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறோம் என்றார்கள்.
எங்கள் பூனை மாடிப்படியில்
தூங்குவதுபோலக் கிடந்தது ஒருநாள்.
வயசாகிவிட்டதாம்.
அதற்கு மூன்று வயது.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டவள்
புளியமரம்தான் ஏறவேண்டியிருந்தது.
இருபது வருஷக் கடனுக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு
அந்த மரமும் இல்லை.

கிளம்பினோம், கடைசியில்.
தெருவில் எட்டாவது குடும்பமாக.
அப்பா வாசற்கதவைப் பூட்டினார்.
காரை ஓட்டி முக்குவரை போனவர்
திரும்பி வந்து
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

திரையில் எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்கள்.
தாய் மட்டும் இறங்குகிறாள்,
குழந்தையின் கரடி பொம்மை மேலே இருக்கிறதாம்.
கத்த வாய் வரவில்லை எனக்கு.
அந்த வாளியில் அடியில் கிடந்த
பொரியாத சோளத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டு மணி.
"அம்மா, சுவரில ஏதோ கூப்பிடுது."
கதவோரம் ஹானியா, ஒற்றைக் காலுறையோடு.
கேட்டேன். கீச்.
ஒரு நிமிஷம் கழித்து மறுபடி, கீச்.
புகை எச்சரிப்பான்.
பேட்டரி தீர்ந்திருக்கும், ஒண்ணுமில்லை, படு.
நாற்காலி போட்டு ஏறினேன்.
மூடியைத் திருகி பேட்டரியை உருவினேன்.
அமைதி.
மாற்றுப் பேட்டரி வீட்டில் இல்லை.
கடை ஆறு மணிக்குத்தான் திறக்கும்.
நாளை வேலை இருக்கிறது.
ஒரு ராத்திரிதானே.

நாற்காலியின் மேலிருந்து பார்க்கிறேன்,
ஹானியா இன்னும் நகரவில்லை.
என்னை அண்ணாந்து பார்க்கிறாள்,
திரையைப் பார்ப்பதுபோல.