நாள் கணக்கு

படிவத்தில் நான்காவது கேள்வி:
கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாள்?
ஹால்வர்துர் இருபத்துமூன்று என்றெழுதி
அடியில் கோடும் போட்டிருந்தார்.
கிரீன்லாந்துக் கடலில், ஆறு பேர் குறட்டைவிடும் அறையில்
சம்பளத்தைப் போலச் சேர்த்தாராம்.

ரெய்க்யாவிக் பனியில்
கோட்டுக்குள் அணைத்துக் கொண்டுவந்த குப்பி
இன்னும் வெதுவெதுப்பு.
கண்ணாடித் தகட்டின் கட்டங்களில்
எண்ணி மாளவில்லை எனக்கு.
கூட்டம்தான். நகர்வது கொஞ்சம்.
மற்றவை கடைசிப் பேருந்தை விட்டவர்கள் மாதிரி
நின்ற இடத்திலேயே வால் அசைத்தன.

"இவ்வளவு இருந்துமா?"
எப்படிச் சொல்வதென்று நான் விழிக்க,
சோல்ரூன் சொன்னாள்:
"பிடித்த காட் மீனை
இருபத்துமூன்று நாள் தளத்திலேயே போட்டுவைப்பாயா நீ?"

காதுமடல்வரை சிவந்தார்.
இரண்டு நாள் போதும்.
அட்டையில் வியாழன் என்று எழுதிக் கொடுத்தேன்.

வியாழன். எண்ணிக்கை பாதி.
ஆனால் ஒன்றை எண்ணுமுன்
அடுத்தது கோடு தாண்டிவிடுகிறது,
பொத்தானை அழுத்தும் என் கட்டைவிரல்
பிந்திக்கொண்டே போனது.

குழந்தை வருமா என்று கேட்டார்கள்.
அது என் நுண்ணோக்கியில் தெரியாது.
கப்பல் எப்போது என்றேன்.
திங்கள் விடிகாலை.

நான்கு இரவு இருக்கிறதே,
சேர்க்க வேண்டாம்
என்றேன்.